என் டிஸ்கில் எனக்கொரு பங்கு

எழுத எனக்குத் தகுதி கிடையாது. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாலு பேர் நிற்கிற இடத்தில் ஐந்தாவதாகப் போய் நிற்கவே கூசுகிறவன். பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையை என் மருமகன் ஊரெல்லாம் கைச்சரக்கு சேர்த்துச் சொல்லிவருகிறார். நடந்தபடி ஒரு இடத்திலாவது இருக்கட்டுமே என்றுதான் எழுதத் துணிந்தேன்.

இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் எனக்குப் பேக்கிங் வேலை. மாதக்கணக்கில் விடாத முதுகுவலி. ஸ்கேன் பார்த்து, ஊசி விட்டு எடுத்துச் சோதித்து, "முதுகெலும்புல டிபி. டிஸ்க்கை அரிச்சிருக்கு. ஆப்பரேஷன் பண்ணிக் கழுவிட்டு மாத்திரை சாப்பிட்டா சரியாயிரும்" என்றார் டாக்டர்.

எனக்கு முதுகைவிட மகள் கல்யாணம்தான் வலித்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மாப்பிள்ளை. சர்ச்சில் இரண்டு ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஞாயிறும் வாசித்து, யாரும் மறுப்புச் சொல்லாவிட்டால்தான் தாலி. டிபி என்று காதில் விழுந்தால் மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்களோ! நானும் மனைவி ரூபியும் கூடிப் பேசி, "டிஸ்க் தேய்மானம்" என்று சம்பந்தியிடம் சொல்லிவைத்தோம்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த நேரத்திலிருந்தே எனக்கு எல்லாவற்றின் மீதும் சந்தேகம். மேசையில் இருந்த, காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணியை ஜன்னலோரம் பிடித்து இழை எண்ணினேன். இருக்க வேண்டிய கணக்குக்குக் குறைவு. இந்த லட்சணத்தில் என் முதுகைத் திறக்கப் போகிறார்களா என்று வெந்து போனேன். (அது எங்கள் கம்பெனிச் சரக்குதான் என்பது உறையைப் பார்த்த பிறகு தெரிந்தது.)

ஆப்பரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானம் சம்பந்தி பால்கோவாவோடு வந்து உட்கார்ந்தார். கோர்ட்டில் நகல் பிரிவில் வேலை. எதைக் கேட்டாலும் ஒரு தடவை கண்ணைச் சுருக்கிவிட்டுத்தான் நம்புவார். அந்த நேரம் பார்த்து, மதுரையிலிருந்து ஆராய்ச்சி செய்ய வந்திருந்த ஒரு டாக்டரம்மா ஃபைலோடு வந்தார்.

"ஐயா, உங்க நோய் விஷயமாப் பேசணும். இவங்க முன்னால பேசலாமா?"

'வேண்டாம்' என்று சொல்லியிருக்கலாம். கூச்சப்படுகிறவனுக்குத் தலையாட்டத்தானே தெரியும்? ஆட்டிவிட்டேன்.

"நாளைக்கு எப்படியும் கெட்டுப்போன டிஸ்க்கை எடுக்கப்போறோம். அதுல ஒரு துண்டை ஆராய்ச்சிக்குத் தருவீங்களா? டிஸ்க்கை அரிக்கிற நொதிகள் எம்புட்டு இருக்குன்னு அளந்து பார்க்கணும். விருப்பமில்லாட்டி வேண்டாம்."

நோயின் பெயரை அவர் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டிருந்தால் தப்பித்திருப்பேன். ஆனால் என் தொழில்புத்தி முந்திக்கொண்டது. எங்கள் கம்பெனிக்கு மருந்துத் தரம் பார்க்கிற டிரக் இன்ஸ்பெக்டர் வந்து சாம்பிள் எடுத்தால், அதைப் பங்கு பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அரக்கு சீல் வைத்து, ஒரு பங்கை முதலாளி கையிலேயே கொடுத்துவிட்டுப் போவார். நாளைக்கு லேபில் ஏதாவது மாற்றிச் சொன்னால் நம் கையில் அத்தாட்சி வேண்டுமே!

"என் பங்கு எங்கம்மா?" என்றேன்.

"என்ன பங்கு?"

"எடுக்கிற டிஸ்க்ல எனக்கு ஒரு பங்கு சீல் வச்சுத் தரணும்லா? உங்க கணக்கு தப்புன்னா நான் எதை வச்சுப் பேசுவேன்?"

வாழ்நாளில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. பக்கத்துக் கட்டில்காரர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். ரூபி என் காலைக் கிள்ளினாள்: "ஏங்க, அதை வாங்கி ஃப்ரிஜ்ஜிலயா வைக்கப் போறீய?"

டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். "அப்படித் தர முடியாதுங்கய்யா. அது டிபி கிருமி இருக்கிற திசு."

சம்பந்தி கண்ணைச் சுருக்கினார். நான் பால்கோவா டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஓலை கிழிகிற சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

"டிபியா? தேய்மானம்னுல்ல சொன்னாவ?" என்றவர், டாக்டரம்மா பக்கம் திரும்பினார். "வீட்ல உள்ளவுகளுக்கு ஒட்டுமா?"

"முதுகெலும்புல மட்டும் இருந்தா இருமலில் பரவாதுங்க. இவருக்கு நுரையீரல் சுத்தம். வீட்ல எல்லாருக்கும் பார்த்தாச்சு, ஒண்ணுமில்லை."

சம்பந்தி மேலே பார்த்தார், கீழே பார்த்தார். வாயைத் திறந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"சரிம்மா. அவிய பங்கு கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலையே? எங்க கோர்ட்ல ஒரு காகிதத்தை வாங்கினா நகல் உண்டு. திசு தர முடியாட்டி, கையெழுத்துப் போடுத தாளுக்காவது ஒரு நகல் குடுங்க."

"அது கட்டாயம் தருவோங்க" என்று டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

சம்பந்தி என் பக்கம் குனிந்தார். "எங்கிட்ட மறைச்சது தப்பு சம்பந்தி. நல்லா திட்டணும்னுதான் இருக்கு. ஆனா சொந்த எலும்புக்கே அத்தாட்சி கேக்கிற மனுசன் வீட்ல பொண்ணெடுத்தா, எம்மவனை யாரும் ஏமாத்த முடியாது."

கல்யாணம் நடந்து, பேரனும் பிறந்தாயிற்று. இன்றைக்கும் வீட்டில் பால்கோவா பிரித்தால் மருமகன் ஒரு துண்டைத் தாளில் மடித்து, மெழுகுவர்த்தியைச் சொட்டவிட்டு, "மாமா, உங்க பங்கு. சீல் சரியா இருக்கான்னு பார்த்துக்கிடுங்க" என்று நீட்டுவார். நானும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறேன்.

சொல்ல விட்டுப்போனது: சம்பந்தி வந்துபோன மறுநாள் காலை ஆப்பரேஷன் நல்லபடியாக நடந்தது. டாக்டரம்மா ஒரு துண்டு எடுத்துக்கொண்டார். எனக்கு நகல் கிடைத்தது.