உயிருள்ள எமோஜி

கடைத்தெரு முழுக்கப் பின்னிய விரல்கள். ஆட்காட்டி விரல்மேல் நடுவிரலை ஏற்றிக்கொண்டு ஆளாளுக்கு அலைந்தார்கள். நடத்துநர் அந்தக் கையோடு டிக்கெட் கிழித்தார், பாதிதான் கிழிந்தது. முடிதிருத்துகிறவர் அந்தக் கையோடு கத்தரி பிடித்தார். வாடிக்கையாளர் காது தப்பியது அவர் செய்த புண்ணியம். எல்லாம் விரல் குருவின் அருள்.

விரல் பின்னிய எமோஜி எல்லார் போனிலும் சும்மா கிடக்கிறது. 'நல்லபடியா நடக்கட்டும்' என்று எழுதச் சோம்பல்படுகிறவர்கள் அதை அனுப்புவார்கள். அவ்வளவுதான் அதன் பொருள். ஆனால் குரு உருவேற்றி அனுப்பினால் அதற்கு உயிர் வந்துவிடுமாம். காணிக்கை கட்டியவர் அதை வேறு யாருக்காவது ஃபார்வர்டு செய்தால் செத்துவிடுமாம். வியாபாரம் தெரிந்த சக்தி.

தையல்காரியும் காணிக்கை கட்டினாள். முதல்முறையாக ஒரு பள்ளிக்கூடத்து யூனிபார்ம் ஆர்டர் வந்திருந்தது. திங்கட்கிழமை கொடுத்துவிட்டால் வருஷா வருஷம் அவளுக்குத்தான். கைநழுவினால் பழையபடி கிழிசல் தைத்து வயிறு கழுவவேண்டியதுதான். அந்தப் பயத்தில்தான் போனாள்.

"காரியம் முடியிறவரைக்கும் வலது கை விரலைப் பிரிக்காதம்மா" என்றார் குரு.

பிரிக்கவில்லை. அதனால் தைக்கவுமில்லை. வெட்டிய துணி மெஷின்மேல் குவிந்து கிடந்தது.

சனிக்கிழமை காலை நாத்தனார் வந்து பார்த்தாள்.

"என்ன அண்ணி, துணி அப்படியே கிடக்கு?"

"விரலைப் பிரிச்சா ஆர்டர் போயிடும்டி."

"பிரிக்கலைன்னா யாரு தைப்பா, குருவா?"

தையல்காரிக்கு அழுகையே வந்துவிட்டது. "கிண்டல் பண்ணாத. அவர் அனுப்பினதைத் தொட்டுப் பாரு, சூடா இருக்கு."

"சார்ஜ்ல கிடந்தா எல்லா போனும் சூடாத்தான் இருக்கும். கிளம்புங்க."

குருவின் கூடத்தில் நிற்க இடமில்லை. நாத்தனார் பவ்யமாகக் கும்பிட்டாள்.

"சாமி, ஊர்ல போலி எமோஜி சுத்துதாம். உங்களோடது எதுன்னு பார்த்தா சொல்லிடுவீங்களா?"

"பெத்தவளுக்குப் பிள்ளையைத் தெரியாதா?" என்றார் குரு.

கடைத்தெருவில் தெரிந்தவர்களிடம் கேட்டு வாங்கி வந்த போன்களை அவள் மேசைமேல் பரப்பினாள். எல்லாத் திரையிலும் பின்னிய விரல். அனுப்பியவர் பெயர்மேல் காகிதம் ஒட்டியிருந்தது. குரு கண்ணை மூடிக் கையை ஓட்டினார். நடுவிலிருந்த போனைத் தொட்டதும் உடம்பு சிலிர்த்தது.

"இதுதான். உயிர் துடிக்குது. மத்ததெல்லாம் பிணம்."

கூட்டம் மெய்மறந்து கைதட்டியது. நாத்தனார் காகிதத்தை உரித்தாள்.

"இது வர்ற வழியில நான் அனுப்பினது சாமி. மத்ததும் நான் அனுப்பினதுதான். நீங்க அனுப்பினது அண்ணி போன்ல இருக்கு, அந்த போன் என் பையில இருக்கு."

குரு தொண்டையைக் கனைத்தார். "நீ சந்தேகப்பட்டதால சக்தி விலகிடுச்சு."

"விலகினதுக்கா அப்படிச் சிலிர்த்தீங்க?"

முதலில் முடிதிருத்துகிறவர்தான் சிரித்தார். அப்புறம் கூடமே சிரித்தது. சிரித்து முடித்ததும் காணிக்கையைத் திருப்பிக் கேட்டது. குரு பின்வாசலைத் தேடினார்.

தையல்காரி சிரிக்கவில்லை. அவமானம் பிடுங்கித் தின்ன வீட்டுக்கு வந்து விரலைப் பிரித்தாள். மரத்துப்போயிருந்தது. நீவிவிட்டுக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தாள். நாத்தனார் பட்டன் தைக்க, இவள் மிதித்துத் தள்ளினாள். திங்கட்கிழமை யூனிபார்ம் போய்ச் சேர்ந்தது, ஆர்டரும் நிலைத்தது.

குரு இப்போது பக்கத்து ஊரில் கட்டைவிரல் எமோஜிக்கு உருவேற்றுகிறாராம். அங்கேயும் கூட்டமாம். போக நினைக்கிறவர்கள் தாராளமாகப் போங்கள். காணிக்கைக்காகப் பைக்குள் கையை விடுமுன், கழுத்துக்கு மேலே ஒன்று வைத்திருக்கிறீர்களே, அதை ஒருமுறை உபயோகித்துப் பாருங்கள். இத்தனை நாள் தொடாமல் வைத்திருந்ததால் புத்தம்புதுசாகவே இருக்கும்.