இறால் நானாவின் ஏழாம் நிபந்தனை

மார்ச் ஒன்பதாம் திகதி, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பத்து மணி இருபது நிமிடம். ஒரு மேகமும் இல்லாத வெயில். யுத்த காலத்தில் அரசாங்கத்தை முழுமையாக நம்பிய ஒரே மனிதர், கட்டுகஸ்தோட்டைப் பாலத்துச் சோதனைச் சாவடியில் நாலு பொலித்தீன் பைகளுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் நான், மானியம் கொடுக்கும் அலுவலகத்தின் கிளாக்கர்.

ஊரில் அவருக்குப் பெயர் இறால் நானா; நானா என்றால் முஸ்லிம் வழக்கில் அண்ணன். பலசரக்குக் கடைக்காரர். நன்னீர் இறால் வளர்ப்புக்கு மானியம் கிடைக்கும் என்று கேள்விப்பட்ட வாரமே கடையில் பாதியை விற்று, வீட்டின் பின்னால் குளம் வெட்டிவிட்டார். மானியம் வந்ததும் விற்ற பாதியை மீட்பதாக ஏற்பாடு. மானியப் பத்திரத்தில் பதினொரு நிபந்தனைகள். தட்டச்சு செய்தவன் நான். மனப்பாடம் செய்தவர் அவர். பருப்பு நிறுத்துக்கொண்டே ஒப்புவிப்பார்.

குளத்து நீரை மணல் தொட்டியில் தெளியவிட்ட பிறகே மகாவலி ஆற்றில் கலக்கலாம் என்பது ஏழாவது. அதைப் பார்வையிட வந்த எங்கள் மேலதிகாரியிடம் நானா அந்தத் தண்ணீரை ஒரு கிளாஸில் நீட்டினார். அதிகாரி இரண்டடி பின்வாங்கினார். நானா தாமே மூன்று மிடறு குடித்துவிட்டு, “கவர்மெண்டு செல்லினா செல்லினதுதான் சேர்” என்றார். அதிகாரி அன்று அந்த வீட்டில் தேநீரையும் தொடவில்லை.

மேற்குக் கடற்கரையிலிருந்து இறால் குஞ்சுகளை, பைக்கு ஆயிரமாக, ஒட்சிசன் அடைத்து வான் வண்டியில் கொண்டுவந்தோம். குளத்தில் உயிரோடு இறங்குபவற்றை நான் எண்ணிக் கையெழுத்திட வேண்டும். நாலாயிரத்தில் நூறுக்கு மேல் குறைந்தால் மானியம் கிடையாது. கட்டிய பையில் அவை நண்பகல்வரை தாங்கும். கட்டவிழ்த்தால் அரை மணி நேரம்.

பைக்குள் இருப்பது என்ன திரவம் என்பது சாவடிச் சிப்பாயின் சந்தேகம். நாலையும் குத்திப் பார்க்கக் கத்தியை எடுத்தார். நானா அவசரமில்லாமல் ஒரு பையை அவிழ்த்து, உள்ளங்கையால் அள்ளிக் குடித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“ரெண்டு உள்ளுக்குப் பெய்த்திட்டு. கணக்குல கழிச்சுக்கொங்க கிளாக்கர் ஐயா.”

மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு என்று குறித்துக்கொண்டேன். சிப்பாய் சிரித்தே விட்டார். அந்தச் சிரிப்போடு என் அடையாள அட்டையை வாங்கினார். பிறந்த இடம் யாழ்ப்பாணம். சிரிப்பு நின்றது.

நானாவும் வானும் போகலாம், நான் நிற்க வேண்டும் என்றார்கள். சாவடியில் தனியாக நின்றவர்களில் சிலர் வீடு திரும்பாத காலம் அது.

“போங்கோ நானா. குஞ்சுகள் செத்துப்போகும். நான் பின்னால வாறன்.”

நானா சிப்பாயிடம் மிகுந்த மரியாதையோடு சிங்களத்தில் விளக்கினார். அரசாங்க நிபந்தனைப்படி பைகளை விட்டு அதிகாரியைப் பிரிக்க முடியாதாம். பிறகு என்னிடம், “ஏழாவது நிபந்தனைய மறந்துட்டீங்களா?” என்று கேட்டார்.

ஏழாவது அழுக்குத் தண்ணீரைப் பற்றியது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

என் அலுவலகத்துக்குத் தொலைபேசி கிடைத்து, ஆள் யாரென்று உறுதியாகி, அட்டை கைக்கு வர இரண்டு மணி நாற்பது நிமிடம். அவ்வளவு நேரமும் நானா வீதியோரத்தில் நின்று, குடையின் பாதியைப் பைகளுக்கும் பாதியை எனக்கும் பிடித்தார். பைகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சீனி விலையைப் பற்றிப் பேசினார்.

குளக்கரையில் வெள்ளைப் பேசின் பாத்திரத்தில் ஊற்றி, தேக்கரண்டியால் எண்ணினேன். இரண்டாயிரத்து அறுநூற்றுப் பதினொன்று. மறுபடியும் எண்ணினேன். அதே தொகை. பேனாவைத் திறந்தபடி நின்றேன். இல்லாத நிபந்தனையை எனக்காகச் சொன்ன மனிதருக்காக, இல்லாத தொகை ஒன்றை எழுத எனக்குக் கை வரவில்லை.

“எழுதுங்க ஐயா. எண்ணினதத்தானே எழுதணும்” என்றார்.

மானியம் வரவில்லை. கடையின் பாதியும் திரும்பவில்லை. பிழைத்த குஞ்சுகளை அவர் சொந்தச் செலவில் வளர்த்தார். அழுக்குத் தண்ணீரை அப்போதும் மணலில் தெளியவிட்டே ஆற்றில் விட்டார்.

ஏழு மாதம் கழித்து முதல் விற்பனைக்குப் போனேன். பிறந்ததிலிருந்து மச்சம் மாமிசம் தொடாதவன் நான். அது அவருக்குத் தெரியும்.

“யாருக்கு ஐயா?”

“எனக்குத்தான் நானா. ஒரு கிலோ.”

தராசில் நிறுத்து, மேலே இரண்டைப் போட்டார். அவர் அன்று குடித்த அந்த இரண்டுக்குப் பதிலாம். எண்ணிப் பார்த்தேன், முப்பத்து மூன்று. பையை நெஞ்சோடு அணைத்தபடி வீடுவரை நடந்தேன். விலை முந்நூற்று எண்பது ரூபாய்.