இல்லை என்பது பொய்யாகட்டும்

போடிநாயக்கனூரிலிருந்து மாமனார் காமராஜ், பெங்களூரில் இருக்கும் மாப்பிள்ளை சூர்யபிரகாஷ் அவர்களுக்கு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், நீங்களும் மகள் பவதாரணியும் அதைவிடச் சுகமாக இருக்க வேண்டும் என்று சொல்லித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன். போனில் சொல்லலாமென்றால் உங்கள் அத்தை பக்கத்தில் நின்று நான் சொல்வதையெல்லாம் திருத்துகிறாள். ஆகவே தபால்.

போடிமெட்டுச் சரிவில் ஏலக்காய் உலர்த்தும் நம் ஸ்டோருக்கு நீங்கள் செய்து கொடுத்த புரோகிராமைப் பற்றித்தான் எழுதுகிறேன். லிஸ்ப் வகையறா கம்ப்யூட்டர் பாஷை என்றீர்கள். திறந்தால் கொத்துக் கொத்தாக அடைப்புக்குறிதான். அதற்கு மேலே மேக்ரோ என்று ஒன்றைப் போட்டு, மாமனாருக்குப் புரியட்டும் என்று கட்டளைகளையெல்லாம் தமிழாக்கினீர்கள். உள்ளே சூடு குறைந்தால் பர்னரை ஏற்று, அளவாக இருந்தால் அப்படியே விடு, இல்லையேல் அணை. மூன்றே வரி. ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். ஆனால் ஈரக்காயைக் கொட்டி உலர்த்துகிற இடத்தில் 'அணை' என்று அபசகுனமாக யாராவது எழுதுவார்களா? நான் கேட்டதும் நீங்களே அதைக் 'குளிர்வி' என்று மாற்றிக் கொடுத்தீர்கள், மகராசனாக இருங்கள். மிச்சமிருந்தது 'இல்லையேல்'.

நம் வீட்டில் 'இல்லை' என்ற சொல்லே புழங்காது, உங்களுக்கே தெரியும். தலைதீபாவளிக்கு வந்தபோது காப்பிக்கு இன்னும் கொஞ்சம் சீனி கேட்டீர்கள். அத்தை "சீனி நெறைய இருக்கு மாப்ளே" என்றாள். நீங்கள் தம்ளரை நீட்டியபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தீர்கள். டப்பா காலி என்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம் என்று பவதாரணி வந்து சொல்ல வேண்டியிருந்தது. இதற்காக இன்னொரு தடவை உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று நினைத்து, ஒரு வெள்ளிக்கிழமை லேப்டாப்புக்குச் சந்தனம் வைத்து, புரோகிராமின் தலைமாட்டில் நானே ஒரு வரி எழுதினேன். இல்லையேல் என்ற பெயருக்குப் பொய் என்ற மதிப்பு. அதாவது, நம் ஸ்டோரில் இல்லை என்பது பொய்யாகட்டும். பிள்ளையார் சுழி போட்ட மாதிரிதானே, அதனால் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

வந்துவிட்டது. அன்று ராத்திரி சூடு அளவைத் தாண்டியும் பர்னர் நிற்கவில்லை. காய் கருகி வாடை வந்ததும் ராமர் எழுந்து ஓடியிருக்கிறார். பவதாரணியைத் தோளில் தூக்கி வளர்த்த அதே ராமர்தான், ஸ்டோரில் காலமெல்லாம் தீ பார்த்தவர். பழைய ராமராக இருந்தால் முதலில் அடுப்பு நெருப்பைத்தான் வெளியே தள்ளியிருப்பார். நான்தான் மிஷின் வந்த அன்றே, "சுச்சுல கை வைக்காதீக, மிசினு பாத்துக்கிரும்" என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தேன். சொன்ன சொல் மீறாத மனுஷன் சுவிட்சைத் தொடாமல், சன்னல்களைத் திறந்துவிட உள்ளே போய், புகையில் விழுந்துவிட்டார். தேனி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இப்போது நன்றாகத் தேறி வருகிறார், கவலைப்பட ஒன்றுமில்லை.

புரோகிராம் கொடுத்த அன்றே போனில் நீங்கள் விளக்கியதை நான் மறக்கவில்லை. "ஒரு பேரை நீங்க உங்களுக்குன்னு எடுத்துக்கிட்டா, மேக்ரோ அதுல கை வைக்காது மாமா. அது சுத்தமான மேக்ரோ" என்றீர்கள். ஐயப்பனுக்கு மாலை போட்டவர் தன் தட்டைத் தனியே வைத்துக்கொண்டு, மற்றவர் தட்டைத் தொடாமல் இருப்பது போல என்று புரிந்துகொண்டேன். நான் பெயரை எடுத்துக்கொண்டதும், இது மாமனார் சொத்து என்று அது மரியாதையாக ஒதுங்கிவிட்டது, பொய் என்றதால் 'இல்லையேல் குளிர்வி' என்ற வரியின் பக்கமே போகவில்லை. இத்தனை மரியாதை யார் கேட்டது மாப்பிள்ளை? கொஞ்சம் சுத்தம் குறைவாக, 'யோவ், இது என் சொல், கையை எடு' என்று ஒரு அதட்டல் போட்டிருக்கக் கூடாதா? என் வீட்டில் அத்தனை பேரும் என்னை அதட்டுகிறார்கள், அதற்கு மட்டும் என்ன கூச்சம்?

நான் எழுதிய அந்த வரியை எடுத்துவிட்டேன். ஸ்டோர் பழையபடி ஓடுகிறது. ஒரே ஒரு சங்கடம், ராமரின் சம்சாரம் செல்லத்தாய். அழவில்லை, ஏசவில்லை. பார்க்கும்போதெல்லாம், "மிசினு அணைக்கும்னு சொன்னீகளே அண்ணே, ஏன் அணைக்கல?" என்று அதையே கேட்கிறாள். நீங்கள் சொன்ன சுத்தக் கதையை நான் அவளிடம் எப்படிச் சொல்ல? அவளுக்குப் புரிகிற மாதிரி ஒரு பதில் எழுதி அனுப்புங்கள், மனப்பாடம் செய்து சொல்லிவிடுகிறேன்.

மகளுக்கு எங்கள் ஆசிகள். வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குறைவற்று வாழ வேண்டும்.

இப்படிக்கு,
மாமனார் காமராஜ்

பின்குறிப்பு: பதில் எழுத வேண்டாம். ராமர் தேறி வருகிறார் என்று மேலே எழுதியிருப்பதை, அத்தை சீனி நிறைய இருக்கிறது என்றாளே, அப்படிப் படித்துக்கொள்ளுங்கள். நேற்று அவர் ஊர் ராசிங்காபுரத்தில் எல்லாம் முடிந்தது. அந்த வரியை எடுத்துவிட்டேன் என்றதும் அப்படித்தான். ஸ்டோரைப் பூட்டிவிட்டேன், வரி இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதை எடுக்கப் போனால், ராமர் இல்லை என்பது நிசமாகிவிடும் போலிருக்கிறது, கை வரவில்லை. நீங்கள் வந்து எடுத்துவிடுங்கள்.