எதையும் எதிர்பார்க்கவில்லை என இதன்மூலம் உறுதி கூறுகிறேன்

கோலார் தங்கவயல் மக்களுக்கு வருமானம் இல்லை என்பது மேலிடத்துக்கு வெகுகாலமாகத் தெரியும். அதைப் பற்றி மேலிடம் கவலைப்பட்டதில்லை. ஆனால் வருமானம் இல்லாத அதே மக்கள் அளவுக்கு மீறி எதிர்பார்க்கிறார்கள் என்று ஒரு அறிக்கை போனபோது மேலிடம் பதறிவிட்டது. உடனே ராபர்ட்சன்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் 'இணையவழி வருமான எதிர்பார்ப்பு நெறிப்படுத்தும் மையம்' திறக்கப்பட்டது. செல்போனில் சம்பாதிக்கக் கிளம்பும் ஒவ்வொருவரும், தாம் மாதம் எவ்வளவு எதிர்பார்க்கிறோம் என்பதை எழுத்தில் கொடுத்து, அது நியாயமான எதிர்பார்ப்புதான் என்று முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். முத்திரை வாங்கியவருக்கு வட்ட விளக்கு ஒன்றும் மூன்று கால் ஸ்டாண்டு ஒன்றும் இலவசம்.

திட்டம் வந்த நேரம் அப்படிப்பட்ட நேரம். ஊரில் எல்லாருக்கும் செல்போன் முன்னால் நிற்கும் வியாதி பரவியிருந்தது. கேஸ் அடுப்பு ரிப்பேர் பார்க்கிறவர் ரிப்பேர் பார்ப்பதை விட்டுவிட்டு, ரிப்பேர் பார்ப்பது எப்படி என்று பேசிக்கொண்டிருந்தார். சுரங்கம் கொட்டிய சைனைடு மண்மேட்டின் மேல் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாக நடந்து வராத ஆள் குறைவு.

முனுசாமிக்கு அறுபத்தொன்பது வயது. நந்திதுர்க் சுரங்கத்தில் அடியில் இறங்கி வேலை பார்த்தவர். சங்கத்தின் பேச்சாளர், துண்டறிக்கை எழுத்தாளர். எந்த அநியாயத்தையும் விளக்க ஒரு பக்கம் போதும், மறுபக்கத்தில் கோரிக்கைகளைப் போடலாம் என்பது அவர் கொள்கை. சுரங்கம் மூடிய பிறகு துண்டறிக்கையை வாங்கக் கைகள் இல்லாமல் போயின. வாங்கிய நாலு பேரும் அதில் போண்டா மடித்தார்கள். ஆகவே அவரும் ஒரு சேனல் ஆரம்பிக்க முடிவு செய்தார். பெயர், 'ஷிப்ட் சங்கு'.

சேனலைத் திறந்து கொடுத்தவள் பக்கத்து வீட்டு மமதா. தினமும் விடியற்கால ரயிலில் பெங்களூருக்குப் போய் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவள்.

"மாமா, மொதல்லயே சொல்லிடறேன். ஆயிரம் பேர் சேர்ற வரைக்கும் ஒரு பைசா வராது. அதுக்கே ஒரு வருஷம் ஆவும். அப்புறமும் மாசம் ரீசார்ஜ் காசு வந்தா பெரிய விஷயம்."

"ஆயிரம் இன்னா பெரிய கணக்கு? மைன்ஸ் கேட் மீட்டிங்ல நாலாயிரம் பேர் நின்னு கேட்டாங்கம்மா என் பேச்ச."

"கேட்டு சாத்தியிருந்துது மாமா. அவங்க எங்க போவாங்க?"

யோசித்துப் பார்த்தால் அவள் சொல்வது முனுசாமிக்குப் புதிதும் இல்லை. சுரங்கத்தின் கடைசிக் காலத்தில் ஒரு டன் பாறையை உடைத்துத் தூளாக்கினால் மூன்று கிராம் தங்கம் தேறும். அந்தத் தூசியை நெஞ்சில் வாங்கியவனுக்கு நியாயமான எதிர்பார்ப்பு என்றால் என்ன என்று எவனும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆனாலும் பாடம் எடுத்தார்கள். மையத்தில் இரண்டு மணி நேர வகுப்பு கட்டாயம். பெங்களூரிலிருந்து வந்திருந்த ரூபேஷ் என்ற பயிற்சியாளர், கோட்டுப் போட்டு சாக்ஸ் போடாத ஒருவர், ஆசைப்படுவது தப்பு, திட்டமிடுவது சரி, ஆகையால் எல்லாரும் ஒரு லட்சத்துக்குத் திட்டமிடுங்கள் என்று சொல்லிவிட்டு ரயிலுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

முனுசாமி படிவத்தில் எழுதினார்: 'ஒரு வருஷம் கழித்து, மாதம் முந்நூறு ரூபாய்.'

மையத்தின் அலுவலர் மனோகர், மாலூர்க்காரர். வீட்டில் கன்னடம். தங்கவயலுக்கு வந்து ஆறு மாதத்தில் எதிரில் இருப்பவர் மாதிரியே பேசக் கற்றுக்கொண்டிருந்தார். படிவத்தைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"இன்னா தலைவரே இது?"

"நியாயமான எதிர்பார்ப்பு."

"இதுல நியாயமே இல்லியே. இருபத்தஞ்சாயிரத்துக்குக் கீழ போட்டா கம்ப்யூட்டர் எடுத்துக்காது. சிவப்பு ஆவுது பாருங்க."

"இருபத்தஞ்சாயிரம்னு எவன் முடிவு பண்ணான்?"

"இதுல ஜெயிச்சவங்களோட சராசரி, தலைவரே."

"தோத்தவங்க?"

"அவங்க யாரும் விவரம் அனுப்பறதில்ல."

முனுசாமி பேனாவை மூடினார். மனோகர் இலவச வட்ட விளக்கின் சுவிட்சைத் தட்டினார். பௌர்ணமி மேசைக்கு வந்த மாதிரி இருந்தது. தலையில் கட்டிக்கொண்டு இறங்கும் விளக்கோடு இருபத்தேழு வருஷம் பூமிக்கடியில் திரிந்த மனிதர் அவர். தன் முகத்தின் மேல் வெளிச்சம் அடிக்கும் விளக்கை அன்றுதான் பார்த்தார்.

"சும்மா எழுதறதுதானே தலைவரே. வந்தே ஆவணும்னு யார் சொன்னா?"

நிர்வாகம் நீட்டும் காகிதத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று நாற்பது துண்டறிக்கை எழுதியவர், விளக்கைப் பார்த்துக்கொண்டே இருபத்தைந்தாயிரத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

மூன்று மாதம் விடாமல் பேசினார். முதலாளித்துவத்தின் நெருக்கடியைப் பதினான்கு பாகமாகப் பேசினார். மொத்தப் பார்வை பதினொன்று. அதில் ஏழு, சரியாக ஓடுகிறதா என்று அவரே பார்த்தது.

அவர் மனைவி சரோஜம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. பதினெட்டாம் தேதி ஒரு கண்ணுக்கு ஆபரேஷன். ரேஷன் கார்டைக் காட்டினால் இலவசம். அதுவரை அவருக்குப் புருஷன் ஒரு குரல், அவ்வளவுதான்.

"பேசி முடிச்சிட்டா அந்த வெளக்க இப்படித் திருப்புங்க. அரிசில கல்லு பொறுக்கணும்" என்பார்.

எட்டாம் தேதி தபால் வந்தது. மமதா கன்னடத்தைப் பார்த்துத் தமிழில் வாசித்தாள். "தங்கள் குடும்பம் மாதம் ரூபாய் இருபத்தைந்தாயிரம் எதிர்பார்ப்பதாகத் தாங்களே மனமுவந்து தெரிவித்துள்ளபடியால், தாங்கள் வறுமைக் கோட்டுக்கு மேலே உயர்ந்துவிட்டது கண்டு இம்மையம் பெருமிதம் கொள்கிறது. ஆகவே தங்கள் ரேஷன் கார்டு இன்று முதல் நிறுத்திவைக்கப்படுகிறது."

"அப்போ கண்ணு?" என்றார் சரோஜம்மா.

முனுசாமி மாடிப்படியை இரண்டு இரண்டாக ஏறினார்.

"வரவே இல்லியேய்யா! ஒத்தப் பைசா வரல!"

"வந்துதா வரலியான்னு பாக்கறது வேற ஆபீஸ் தலைவரே. நாங்க எதிர்பார்ப்பு மட்டும்தான்."

"அந்த ஆபீஸ் எங்க?"

"இன்னும் தெறக்கல."

"சரி, நான் எதையும் எதிர்பார்க்கலன்னு எழுதித் தர்றேன். வாங்கிக்க."

"அதுக்குப் படிவம் கெடையாது. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

முனுசாமி மேசையைக் குத்தினார். கேட் மீட்டிங் குரல் இருபது வருஷத்துக்குப் பிறகு வெளியே வந்தது. கீழே ஜவுளிக்கடையில் புடவை பிரிப்பதை நிறுத்தினார்கள்.

"எதிர்பார்ப்பெல்லாம் வருமானம்னா இந்த ஊரே கோடீஸ்வரன் ஊருய்யா! மைன்ஸ் தெறப்பாங்க, மைன்ஸ் தெறப்பாங்கன்னு மூடின நாள்லேர்ந்து ஊரே எதிர்பார்த்துக் கெடக்குது! தங்கத்தையே எதிர்பார்க்கறான் ஒவ்வொருத்தனும்! அவங்க கார்டையும் புடுங்குவியா? புடுங்கு பாக்கலாம்!"

மனோகர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். முகத்தில் பக்தி மாதிரி ஏதோ தெரிந்தது.

"இன்னொரு தபா சொல்லுங்க தலைவரே. மெதுவா."

முனுசாமி மெதுவாகச் சொன்னார். நாற்பது வருஷப் பொதுவாழ்வில் ஒரு அதிகாரி அவர் பேச்சை எழுதிக்கொண்டது அன்றுதான். தலை நிமிர்ந்து வீட்டுக்கு நடந்தார்.

ஐந்தாம் நாள், நந்திதுர்க் முதல் மாரிக்குப்பம் வரை, ரேஷன் கார்டு இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் தபால் வந்தது. தங்கத்தை எதிர்பார்க்கும் குடும்பங்கள் ஏழைக் குடும்பங்கள் ஆகா. கார்டு திரும்ப வேண்டுமென்றால் குடும்பத் தலைவியானவர் புதிதாக அச்சிடப்பட்ட படிவத்தில் கையெழுத்திட வேண்டும். 'எந்த வகையிலும், எந்த மூலத்திலிருந்தும், குறிப்பாகத் தங்கச் சுரங்கம் மீண்டும் திறக்கப்படுவதன் மூலமாக, நான் எதையும் எதிர்பார்க்கவில்லை என இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.'

மறுநாள் காலை வரிசை ஜவுளிக்கடையிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை நின்றது. முதல் ஆள் வெங்கடம்மா. புருஷன் சுரங்கத்தில் இருந்தவர். மகன் தினமும் பெங்களூர் ரயிலில் தொங்குகிறவன். லீவு போட்டு வந்திருந்த மமதா படிவத்தை உரக்க வாசித்தாள். வெங்கடம்மா படிவத்தின் மேல் விரல் ஊன்றிக் கேட்டார். பேனாவை வாங்கினார். கீழே வைத்தார்.

"ஏம்மா, இதுல கையெழுத்து போட்டா, நாளைக்கு மைன்ஸ் தெறந்தா எம் பையனுக்கு வேல குடுப்பானா?"

"மைன்ஸ் எங்க அத்தை தெறக்கப் போறாங்க?"

"தெறக்கலன்னா எதுக்குடி கையெழுத்து கேக்கறான்?"

அந்தக் கேள்வி வரிசையில் ஆள் ஆளாகப் பின்னால் நகர்ந்தது. பஸ் ஸ்டாண்டை அடைந்தபோது அது கேள்வியாக இல்லை. தெறக்கப் போறான். அதனாலதான் முன்னாடியே நம்ம கையெழுத்த வாங்கிக்கினு வெளியூர் ஆளுங்களுக்கு வேல குடுக்கப் பாக்கறான். வெவரம் தெரியாமயா அச்சடிப்பான்? 'குறிப்பாக'ன்னு வேற போட்டிருக்கான்!

அரை மணி நேரத்தில் வரிசை கலைந்தது. ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. மார்க்கெட்டில் யாரோ பட்டாசு வெடித்தார்கள்.

மமதா முனுசாமியை ஓரமாக இழுத்தாள். "மாமா, அந்த வார்த்த ஃபார்ம்ல எப்படி வந்துதுன்னு உங்களுக்குத் தெரியும். நீங்க மேசையக் குத்திச் சொன்னதுன்னு நீங்களேதான் எங்கிட்ட சொன்னீங்க. சேனல்ல சொல்லிடுங்க."

சொல்லத்தான் முனுசாமி விளக்கைத் தெருவிலேயே நிறுத்தினார். விளக்கு எரிந்ததும் கூட்டம் கூடியது. நானூறு ஐந்நூறு பேர். கேட்டு எதுவும் சாத்தியிருக்கவில்லை, ஆனாலும் போகாமல் நின்றார்கள். "தலைவரே, தெறக்கறாங்களா? சொல்லுங்க தலைவரே!" அந்த முகங்களை அவர் வெகுநாளாகப் பார்க்கவில்லை. தொண்டையைச் செருமினார்.

"ஒன்றுமில்லாமலா மேலிடம் எழுதும் என்று மக்கள் கேட்கிறார்கள்!"

இதில் பொய் எதுவும் இல்லை. மக்கள் கேட்கத்தான் செய்தார்கள்.

சாயங்காலத்துக்குள் எண்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். மமதா போனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், வீட்டுக்குப் போய்விட்டாள்.

பதினேழாம் தேதி சரோஜம்மா கதவைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். "மமதா, என்னைய அந்த மாடிக்கு இட்டுக்கினு போம்மா. அவரு வரமாட்டாரு. பேட்டி எடுக்கறாங்களாம்."

மையத்தில் ஈ காக்கை இல்லை. மனோகர் எழுந்து நாற்காலி போட்டார்.

"யோசிச்சுத்தான் போடறீங்களாம்மா? இந்த ஊர்ல இதுவரைக்கும் ஒருத்தர் கூட போடல."

"நாப்பத்தோரு வருஷமா அவரோட குடித்தனம் பண்றேன் சார். புரட்சி நாளைக்கு வரும்பாரு, பாக்கி சம்பளம் அடுத்த மாசம் வரும்பாரு, இப்போ போன்ல வரும்ங்கறாரு. எனக்கு இன்னா எதிர்பார்ப்பு? எங்க போடணும், காட்டுங்க. கண்ணு தெரியல."

மனோகர் அவர் விரலைப் பிடித்து இடத்தைக் காட்டினார். கார்டு அரை மணியில் திரும்பியது. பதினெட்டாம் தேதி ஆபரேஷன் நடந்தது.

மையம் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பியது. தங்கவயலில் ஒரே ஒரு குடும்பத்தைத் தவிர மற்ற அனைத்தும் வறுமையிலிருந்து தாமாகவே விலகிக்கொண்டன. மையத்துக்குக் கேடயம் வந்தது. ஊர் கடையில் காசு கொடுத்து அரிசி வாங்கியது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள்தானே.

'ஷிப்ட் சங்கு' ஆயிரம் பேரைத் தாண்டி, பத்தாயிரம் பேரைத் தாண்டியது. மாதம் முடிந்தபோது கணக்கில் முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய் என்று காட்டியது. அதுவும் இன்னும் நிறையச் சேர்ந்தால்தான் கைக்கு வரும். முனுசாமி படிவத்தில் முதலில் எழுதிய தொகைக்குப் பன்னிரண்டு ரூபாய் அதிகம். அது அவர் நினைவுக்கு வரவில்லை. அடுத்த மாதம் இருபத்தைந்தாயிரத்தைத் தொடும் என்று மனோகரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சரோஜம்மாவின் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றலாம் என்று டாக்டர் சொன்ன நாளில் மமதா வந்து போனைக் காட்டினாள். சரோஜம்மா ஒரு கண்ணால் கூர்ந்து பார்த்தார். புருஷனின் முகம், சுற்றிலும் வெளிச்சம், பின்னால் கூட்டம். முழுவதும் பார்த்தார். மறுபடி ஒரு தரம் பார்த்தார்.

"இன்னாங்க. நெஜமாவே தெறக்கறாங்களா?"

முனுசாமி வாயைத் திறந்தார். அந்த வார்த்தை எந்த மேசையில், யார் வாயிலிருந்து விழுந்து படிவத்துக்குப் போனது என்று உலகத்தில் மூன்று பேருக்குத் தெரியும். அவர் அதில் முதல் ஆள். ஆனால் எண்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். அத்தனை பேரும் முட்டாளா?

"ஒண்ணுமில்லாமலா எழுதுவாங்க?" என்றார்.

"அய்யோ, நான் கண்ணு தெரியாம கையெழுத்து போட்டுட்டேனே. அத வாபஸ் வாங்க முடியுமா?"

"அத்தை!" என்று கத்தினாள் மமதா. "வாபஸ் வாங்கினா கார்டு போயிடும். இன்னொரு கண்ணுக்கு அடுத்த மாசம் ஆபரேஷன் இருக்குது!"

"அதுக்கின்னாடி இப்போ? மைன்ஸ் தெறந்தா மைன்ஸ் ஆஸ்பத்திரியிலேயே பாத்துக்கறது" என்றார் சரோஜம்மா. "இன்னாங்க, சட்டையப் போடுங்க. ஆபீஸ் சாத்தறதுக்குள்ள போயிடலாம்."