மாமனாரின் பேச்சை மீட்டெடுத்த கதை

கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேருக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. இந்த உண்மையை நாங்கள் வெளியே விடுவதில்லை. குறிப்பாக, பெண் எடுக்கும் இடத்தில் விடவே மாட்டோம்.

என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது சென்னையில் ஒரு சின்ன கம்பெனியில் இருந்தேன். ஆபீஸ்களுக்கு வருகைப் பதிவு மென்பொருள் விற்கும் கம்பெனி. வாங்கியவர்கள் போன் செய்து ஓடவில்லை என்பார்கள். "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க சார்" என்பேன். பெரும்பாலும் ஓடிவிடும். ஓடாவிட்டால் போனைப் பக்கத்து சீட்டுக்காரரிடம் நீட்டிவிடுவேன். என் தொழில்நுட்பம் அத்தோடு முடிந்தது. ஆனால் சேத்தியாத்தோப்பில் எங்கள் அப்பா, தன் உரக்கடைக்கு வந்த அத்தனை பேரிடமும் பையன் சாஃப்ட்வேரில் இருக்கிறான் என்று சொல்லிவைத்திருந்தார். அதை நம்பித்தான் நெய்வேலியில் எனக்குப் பெண் கொடுக்கச் சம்மதித்தார்கள்.

நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்திரிகை மாதிரியைக் காட்டி வரலாம் என்று டவுன்ஷிப்பில் அவர்கள் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். (போனில் படம் எடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் நித்யாவைப் பார்க்க வேறு சாக்கு கிடைக்கவில்லை.) மாமனாராகப் போகிற ராஜமாணிக்கம் மாமா, சுரங்கத்தில் எலக்ட்ரிக்கல் ஃபோர்மேனாக இருந்து அந்த வருடம்தான் ஓய்வு பெற்றிருந்தார். கம்மாபுரம் பக்கம் இருந்த குடும்ப நிலம் சுரங்கத்துக்குப் போனபோது அதற்கு ஈடாகக் கிடைத்த வேலை அது. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு முத்தாண்டிக்குப்பத்தில் கட்டிய சொந்த வீட்டுக்குப் போக இருந்தார்கள். பாதிச் சாமான்கள் அட்டைப்பெட்டிகளில் ஏறியிருந்தன.

காபி குடித்து முடித்ததும் அத்தை பூஜை அலமாரியிலிருந்து விபூதி சம்புடத்தைக் கொண்டுவந்தார். நல்ல காரியம் பேசும் வீட்டில் விபூதி பூசிவிடுகிறார்கள் என்று நெற்றியைக் கொஞ்சம் முன்னால் நீட்டினேன். அவர் உள்ளே விரலை விட்டுத் துழாவி ஒரு பென்டிரைவை எடுத்தார்.

"தம்பி, இத டிவியில போட்டா ஒண்ணுமே இல்லைன்னு வருது. நீங்க சாஃப்ட்வேருங்களே, கொஞ்சம் பாருங்க."

அதில் இருந்தது மாமாவின் பணிநிறைவு விழா வீடியோ. அந்த விழாவுக்கு அத்தையால் போக முடியவில்லை. கண் ஆபரேஷன் முடிந்து பாண்டிச்சேரியில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். மாமா அன்றைக்கு மேடையேறிப் பேசியிருக்கிறார். வாழ்நாளில் அவர் பேசிய ஒரே மேடைப் பேச்சு. அதில் மனைவியைப் பற்றியும் பேசினாராம். இதை மாமாதான் ஆஸ்பத்திரிக்கு வந்து சொல்லியிருக்கிறார். என்ன பேசினீர்கள் என்று அத்தை கேட்டதற்கு, "அதான் ரெக்கார்டு ஆயிருக்குல்ல, பாத்துக்கோ" என்று முடித்துவிட்டார்.

மாமா அதுவரை அத்தையின் காபியைக்கூட நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. குழம்பில் உப்பு இல்லை என்றால் அதையும் சொல்லமாட்டார், எழுந்து போய்ப் போட்டுக்கொள்வார். அப்படிப்பட்ட மனுஷன் ஒரு சபையில் மைக் முன்னால் மனைவியைப் பற்றிப் பேசினார் என்றால் கேட்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? டாக்டர் திரையைப் பார்க்கலாம் என்று சொல்லும்வரை அத்தை காத்திருந்தார். பார்க்க உட்கார்ந்த அன்றைக்கு பென்டிரைவ் செத்துக் கிடந்தது. படம் எடுத்த ஸ்டூடியோவில் தங்கள் பிரதியை அழித்துவிட்டார்கள். விழாவுக்கு வந்தவர்கள் போனில் எடுத்ததில் மாலையும் சால்வையும்தான் இருந்தன. மாமா பேச ஆரம்பித்த நேரத்தில் டிபன் வந்துவிட்டதாம்.

"இதெல்லாம் அஞ்சு நிமிஷ வேலை அத்தை" என்றேன்.

நித்யா என்னை ஒரு பார்வை பார்த்தாள். என் வேலையைப் பற்றிய உண்மையை அவளிடம் மட்டும் போனில் சொல்லியிருந்தேன்.

முதலில் பென்டிரைவின் வாயில் ஊதினேன். உள்ளே இருந்த விபூதி என் நெற்றியிலும் மூக்குக் கண்ணாடியிலும் வந்து படிந்தது. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு அழிரப்பரால் அதன் முனையைத் தேய்த்தேன். நித்யா கல்லூரி நாளில் வாங்கிய பழைய டெஸ்க்டாப் ஒன்று இன்னும் பெட்டிக்குள் போகாமல் இருந்தது. அதில் முன்னால் சொருகினேன், பின்னால் சொருகினேன், திருப்பிச் சொருகப் பார்த்தேன். கடைசியில் அது பேசியது. இதை ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்யட்டுமா என்று கேட்டது.

"அதுவே கேக்குது பாருங்க மாப்ள. சரின்னு சொல்லிடுங்க" என்றார் மாமா.

"சொன்னா எல்லாம் அழிஞ்சிடும் மாமா."

அன்று நான் செய்த ஒரே சரியான காரியம் இதுதான். இத்தோடு எழுந்து, சென்னைக்குக் கொண்டுபோய் ஆள் தெரிந்த இடத்தில் கொடுக்கிறேன் என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. ஆனால் நித்யா பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடினால் பார்ப்பவர்களுக்குத் தன்னால் ஒரு மரியாதை வரும். எனக்கு ஒரே ஒரு கட்டளை தெரியும், டிரைவைச் சரிபார்த்துத் திருத்தும் கட்டளை. அதை அடித்தேன். எழுத்து ஓடியது. மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஓடி முடித்ததும், முன்பு ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்ட பென்டிரைவ் இப்போது எதுவுமே கேட்கவில்லை, காலியாகத் திறந்தது.

"முடிஞ்சுதா?" என்றாள் நித்யா.

"முதல் கட்டம் முடிஞ்சுது" என்றேன்.

அழிந்த கோப்புகளைத் தேடி எடுக்கும் இலவச மென்பொருள் ஒன்றை என் போன் வழியாக இறக்கினேன். அதை ஓடவிடுவதற்கு முன், பெரிய நிபுணன் மாதிரி ஒரு கேள்வி கேட்டேன். "மாமா, யூபிஎஸ் இருக்கா? நடுவுல கரண்ட் போயிட்டா கஷ்டம்."

மாமாவின் முகம் மாறிவிட்டது. நெய்வேலிக்காரரிடம் கேட்கக் கூடாத கேள்வி அது என்று எனக்கு அப்போது தெரியாது. "மாப்ள, ஊருக்கெல்லாம் கரண்ட்டு இங்கேருந்துதான் போவுது. நான் வேலைக்கி சேந்து இத்தினி வருஷத்துல இந்த வூட்ல ஒரு நாளு கரண்ட்டு போயி பாத்ததில்ல. யூபிஎஸ்ஸாம்" என்றார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன்.

நம்பமாட்டீர்கள், மென்பொருள் கண்டுபிடித்துவிட்டது. கோப்புகளின் பெயரெல்லாம் போய் வெறும் எண்களாக இருந்தன. ஆனால் அதில் பெரிதாக இருந்த ஒன்றின் மேல் சின்னதாக ஒரு படம் தெரிந்தது. மாமா கழுத்து நிறைய மாலையோடு நின்றார். அத்தை திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். "அவருதான்" என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பெருமையோடு நித்யாவைப் பார்த்தேன். அவளும் முதல்முறையாகக் கொஞ்சம் நம்பினாள்.

எடுத்ததை எங்கே வைக்க என்று மென்பொருள் கேட்டது. டெஸ்க்டாப்பில் இடம் இல்லை. மாமா இறக்கிவைத்த பழைய படங்கள் அதன் கழுத்துவரை நிரம்பியிருந்தன. பென்டிரைவையே தேர்ந்தெடுத்தேன். அப்படிச் செய்யாதே, உள்ளே இருப்பது அழியும் என்று சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. எச்சரிக்கைகளைக் கண்டுகொள்ளாதீர்கள் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கே பழகியிருந்தது. சரி என்று அழுத்தினேன்.

"எடுக்கிற எடத்துலயே வைக்கிறீங்களா?" என்றாள் நித்யா.

"அங்கேருந்து வந்தது அங்கேயே போகுது. வேற எங்க போகணும்?" என்றேன்.

பச்சைக் கோடு மெல்ல நகர ஆரம்பித்தது. அது நகரட்டும், நாம் சாப்பிடலாம் என்று உட்கார்ந்தோம். கோழிக்குழம்பு. மாமாவே எனக்கு ஒரு துண்டு எடுத்து வைத்தார். வீட்டு மாப்பிள்ளை என்பவன் எவ்வளவு பெரிய ஆள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. நான் ரசத்துக்கு வந்தபோது மாமா சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போயிருந்தார். சமையலறை டியூப் லைட் விட்டு விட்டு எரிவதாக அத்தை சாதாரணமாகச் சொன்னார்.

இங்கே மாமாவைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சுரங்கத்தில் எந்த மின்சாரச் சாமானைத் தொடுவதாக இருந்தாலும் முதலில் லைன் கிளியர் எடுக்க வேண்டும். அதாவது, மின்சாரத்தை நிறுத்தி, பியூஸைப் பிடுங்கி, நிறுத்தியவரே தன் கையில் வைத்துக்கொண்டு, ஆள் வேலை செய்கிறார் என்று ஒரு போர்டு மாட்ட வேண்டும். வேலை முடிந்ததும் பிடுங்கியவர்தான் திரும்பப் போட வேண்டும், வேறு யாரும் தொடக் கூடாது. பணிக்காலம் முழுக்க மாமா இதில் ஒரு நாளும் தவறியதில்லை. வீட்டிலும் அதே சட்டம்தான். ஒரு பல்பு மாற்றுவதற்கும் லைன் கிளியர் உண்டு. (பென்டிரைவை மட்டும் டிவி ஓடிக்கொண்டிருக்கும்போதே வெடுக்கென்று பிடுங்குவார். அது செத்ததே அதனால்தான் என்பது என் கருத்து. இன்றுவரை அதை நான் வெளியே சொன்னதில்லை.)

சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். மின்விசிறி நின்றது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். அடுத்த வீட்டில் டிவி பாடிக்கொண்டிருந்தது.

"கரண்ட் போச்சா?"

"போகல. அப்பா எடுத்துட்டார்" என்றாள் நித்யா.

வாசல் வராந்தாவுக்கு ஓடினேன். மெயின் பெட்டியில் பியூஸ் இருந்த இடம் காலியாக இருந்தது. அதன் மேல் ஓர் அட்டை தொங்கியது. அதில் மாமாவின் கையெழுத்தில், 'ஆள் வேலை செய்கிறார், தொடாதே' என்று இருந்தது. ஆளைக் காணோம். டியூப் லைட்டுக்கு ஸ்டார்ட்டர் வாங்க மெயின் பஜாருக்குப் போய்விட்டார். பியூஸ் அவர் சட்டைப் பாக்கெட்டில் போய்விட்டது.

"வேற பியூஸ் இருக்கா அத்தை? நான் போட்டுடறேன்" என்றேன்.

அத்தை அதிர்ந்துபோனார். "எடுத்தவரு வந்துதான் போடணும் தம்பி. மாத்திப் போட்டா அவரு என்னை வீட்ட விட்டே அனுப்பிடுவாரு."

வெகுநேரம் கழித்து மாமா நிதானமாக வந்தார். ஸ்டார்ட்டரை மாட்டினார். போர்டைக் கழற்றினார். பியூஸைப் போட்டார். சமையலறை விளக்கு பிரகாசமாக எரிந்தது. என் கையில் ரசம் காய்ந்திருந்தது.

"மாமா, உள்ள வேலை ஓடிகிட்டு இருந்துச்சு" என்றேன்.

மாமா திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோபமே இல்லாமல் கேட்டார். "வேல ஓடிகினு இருந்துதுன்னா நீங்க ஒரு போர்டு மாட்டியிருக்கணுமா இல்லியா? கம்ப்யூட்டர் மேல போர்டு மாட்டினீங்களா?"

"இல்ல மாமா."

"அப்ப யாரு தப்பு தம்பி?"

அதுவரை மாப்ள என்று கூப்பிட்டவர் அந்த நிமிடத்திலிருந்து தம்பி என்று ஆரம்பித்தார். தாலி கட்டி முடிக்கும்வரை தம்பிதான்.

மறுபடியும் தேடினேன். கோப்பு கிடைத்தது, ஆனால் இளைத்திருந்தது. மென்பொருள் வீடியோவை எடுத்து எடுத்து அதன் மேலேயே எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. கரண்ட் நின்ற இடம்வரை எழுதியது மட்டும்தான் பிழைத்திருந்தது. மீதி போனது போனதுதான். "இருக்கிறவரைக்கும் பாக்கலாம்" என்று ஈனமான குரலில் சொல்லிவிட்டு ஓடவிட்டேன். நான்கு பேரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தோம்.

மாலை போட்டார்கள். சால்வை போட்டார்கள். பிறகு மாமா மைக் முன்னால் வந்து இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். பெரியோர்களே என்று ஆரம்பித்தார். கன்வேயர் பெல்ட்டைப் பற்றிப் பேசினார். இரவு ஷிஃப்ட்டில் கொடுத்த டீயைப் பற்றிப் பேசினார். ஒரு பழைய மோட்டாரைப் பற்றி மிகவும் உருக்கமாகப் பேசினார். அத்தை அசையாமல் உட்கார்ந்திருந்தார். மாமா திரையில் வலது கையைத் தூக்கினார்.

"இத்தனை வருட காலம் நான் ஒரு விபத்தும் இல்லாமல் பணியாற்றினேன் என்றால், அதற்கு முழுமுதற் காரணம், என் வீட்டில் இருக்கும் என்னுடைய..."

படம் நின்றுவிட்டது. தூக்கிய கையோடும் திறந்த வாயோடும் மாமா திரையில் நின்றார்.

"என்னுடைய?" என்று அத்தை கம்ப்யூட்டரைக் கேட்டார்.

நான் மவுஸை ஆட்டினேன். நிறுத்தி மறுபடி ஓட்டினேன். என் தொழில்நுட்பம் முழுவதையும் பயன்படுத்தி ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். மாமா அதே இடத்தில் அதே வாயோடு நின்றார்.

"இதுக்கப்பறம்தான் ஒன்ன பத்தி வருது" என்றார் நிஜ மாமா.

"வரலையே" என்றார் அத்தை. மெதுவாக எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார்.

அந்த நேரத்தில் எனக்கு வெட்கத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது. ஒரு மனுஷி அத்தனை வருடம் கேட்காத நல்ல வார்த்தை அந்தத் துண்டு பிளாஸ்டிக்கில்தான் இருந்தது. அதை நான் என் பெருமைக்காக அழித்துவிட்டேன். கல்யாணம் நின்றுபோனாலும் நியாயம்தான் என்று தோன்றியது. நித்யாகூட என்னைத் திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அத்தை காபியோடு வந்தார். எனக்குக் கொடுத்தார். நித்யாவுக்குக் கொடுத்தார். மாமா கையை நீட்டினார். அத்தை டம்ளரை விடவில்லை.

"மிச்சத்த சொல்லிட்டு வாங்கிக்குங்க" என்றார்.

மாமா என்னைப் பார்த்தார். நித்யாவைப் பார்த்தார். தப்பிக்க வழியில்லை என்று தெரிந்ததும் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீ காபி நல்லா போடுவேன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"எந்த ஷிஃப்ட்டா இருந்தாலும் முழிச்சிகினு இருந்து சோறு போட்டியே, அதச் சொன்னேன்."

"அப்புறம்?"

"எல்லாத்தயும் ஒரே நாள்ல சொல்லணுமா? ஆறிப் போவுது, குடு."

அத்தை கொடுத்தார். திரும்பி நடக்கும்போது அவர் முகத்தை நான் பார்த்தேன். எங்கள் கல்யாணம் நடக்கும் என்று அப்போது நம்பிக்கை வந்தது.

கல்யாணம் நடந்தது. முத்தாண்டிக்குப்பத்து வீட்டிலும் காபி நேரத்தில் இந்தச் சடங்கு தொடர்கிறது. அத்தை டம்ளரைப் பிடித்துக்கொண்டு நிற்பார், மாமா மிச்சத்திலிருந்து ஒரு வரி சொல்லிவிட்டு வாங்கிக்கொள்வார். சொன்னதையே திரும்பச் சொன்னால் காபி கிடைக்காது. இதுவரை சேர்ந்திருப்பதைக் கூட்டிப் பார்த்தால் அந்த விழாவில் மாமா விடியவிடியப் பேசியிருக்க வேண்டும். உண்மையில் அன்றைக்கு மேடையில் அத்தையைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேசினாரா என்பது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. என் மகள் இப்போது பால் டம்ளரை வாங்குவதற்கு முன் தானாகவே "மிச்சம் சொல்லட்டா?" என்று கேட்கிறாள்.

நித்யாவும் இதைப் பிடித்துக்கொண்டாள். நான் மேடை எதிலும் பேசியவன் இல்லை, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன மாதம் போயிருந்தபோது மாமா மாடிக்கு அழைத்துப் போய், அத்தை பின்னால் வரவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னார். "அன்னிக்கி நீங்க ஒழுங்கா எடுத்துக் குடுத்திருந்தீங்கன்னா, அன்னியோட முடிஞ்சிருக்கும் மாப்ள."