உப்பளத்தில் நட்ட ஆனர்ஸ்

அதிக மார்க் வாங்குகிறவனை நம்பிக் கையில் ஒரு குச்சியைக்கூடக் கொடுக்கக் கூடாது. யாரோ சொல்லிக் கேட்டதல்ல இது. மார்க் வாங்கியவனும் நான், குச்சி நட்டவனும் நான்.

எழுபதுகளின் கடைசி. மெட்ராஸில் நான் படித்த காலேஜுக்குச் சொந்தமாகப் பாடத்திட்டம் போட்டுக்கொள்ளும் உரிமை வந்த புதுசு. உரிமை வந்தால் சும்மா இருப்பார்களா? விலங்கியலில் ‘ஆராய்ச்சி ஆனர்ஸ்’ என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். வகுப்பிலேயே அதிக மார்க் வாங்கிய நாலைந்து பேருக்கு மட்டும் இடம். மற்றவர்கள் புத்தகத்தில் இருப்பதைப் படித்து, பரீட்சை எழுதி, பி.எஸ்ஸி. வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போகலாம். நாங்கள் மட்டும் உலகத்தில் யாருமே கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டு, அதற்கு நாங்களே பதிலும் கண்டுபிடிக்க வேண்டும். (யாருமே கேட்கவில்லை என்றால் யாருக்கும் அது வேண்டாம் என்றுதானே அர்த்தம்? அப்போது உறைக்கவில்லை.) இரண்டாம் வருஷ முடிவில் துறைத்தலைவர் நேரில் வந்து ஆராய்ச்சி நடக்கிற இடத்தைப் பார்ப்பார். திருப்தி என்றால் ஆனர்ஸ் தொடரும். இல்லையென்றால் பக்கத்து அறைக்கு, சாதா பி.எஸ்ஸி.க்கு, நடையைக் கட்ட வேண்டியதுதான்.

எங்கள் ஊர் மரக்காணம். அப்பா அந்தோணி, ஓர் உப்பளத்தில் மேஸ்திரி. ஆட்களை வேலைக்கு இறக்குவதும், திண்டிவனத்திலிருந்து வரும் முதலாளிக்குப் பதில் சொல்வதும் அவர் வேலை. ஆனர்ஸ் என்றால் என்னவென்று அவருக்கும் தெரியாது. அது தடையா என்ன? கடைத்தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

“ஆனர்ஸ்னா இன்னா மேஸ்திரி?” என்று டீக்கடைக்காரர் கேட்டால், “பி.எஸ்ஸி. இருக்குதில்ல? அதுக்கு அப்பன்” என்பார்.

என் கேள்வி இதுதான்: உப்பளத்தில் தண்ணீர் காயக் காய, பச்சையாக இருந்தது சிவந்து, கெட்டிப்பட்டு, கடைசியில் உப்பாகிறது. அந்தத் தண்ணீரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளில் எது எந்தப் பாத்தி வரைக்கும் உயிரோடு போகும்? தலைப்பு இரண்டு வரி நீளம். மூச்சு விடாமல் சொன்னால் நமக்கே உயிர் போகும்.

“பூச்சி எவ்ளோ உப்பு தாங்குனா நமக்கு இன்னாடா?” என்றார் அப்பா. பிறகு அவரே, “சரி, ஆனர்ஸ்ல அப்டித்தான் போல” என்று சமாதானம் செய்துகொண்டார்.

“பாத்தி ஓரமா கொஞ்சம் குச்சி நடணும்பா. எந்த எடத்துல தண்ணி எடுத்தேன்னு அடையாளத்துக்கு.”

“நட்டுக்க. வரப்ப ஒடைக்காத.”

அவ்வளவுதான் அனுமதி. குச்சி என்று சொன்னேன். குச்சியின் உச்சியில் என்ன இருக்கும் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

துறைத்தலைவரின் கட்டளை, “தூரத்துல இருந்து பாத்தாலும் மாதிரி எடுத்த இடம் பளிச்சுன்னு தெரியணும்.” உப்பளத்தில் வெள்ளைத் துணி கட்டினால் வெள்ளையோடு வெள்ளையாகப் போய்விடும். பச்சை, நீலம் எல்லாம் வீட்டில் கைக்குட்டை அளவுக்குக்கூட இல்லை. அம்மாதான் வழி சொன்னாள். எங்கள் பங்குக் கோயிலுக்கு பீடத் துணிகள் தைப்பவள் அவள். தூய ஆவி திருநாளுக்குப் பீடத்தைச் சுற்றிக் கட்டிய சிவப்புத் துணி வெளுத்துப் போய்விட்டது என்று கழித்துப் போட்டிருந்தார்கள். ஒரு மூட்டை. வெளுத்தது என்று பெயர்தான், வெயிலில் பிடித்தால் மிளகாய்ப் பழம்.

“முக்கோணமா வெட்டவா, நீட்டா வெட்டவா?”

“நீட்டா வெட்டும்மா. நம்பர் எழுத எடம் வேணும்.”

மிஷினில் உட்கார்ந்து விளிம்பெல்லாம் மடித்துத் தைத்தே கொடுத்துவிட்டாள். அவள் பிள்ளையின் ஆனர்ஸ் பிசிறு அடிக்கலாமா? மூங்கில் குச்சிகளில் கட்டி, ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்ட்டால் ஒன்றிலிருந்து இருபத்துநாலு வரை நம்பர் போட்டேன். ஆட்கள் எல்லாம் வீட்டுக்குப் போன பிறகு, சாயங்காலமாகப் போய் நட்டேன். அடுத்த நாள் காலை பத்து மணிக்குத் துறைத்தலைவர் வருகிறார்.

நட்டு முடித்து, ரோட்டில் நின்று திரும்பிப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்ற உப்பளம். அதில் வரிசையாக, கடல் காற்றில் படபடவென்று அடிக்கும் சிவப்புக் கொடிகள். அந்தக் காட்சியைப் பார்த்ததும் எனக்குத் தோன்றிய ஒரே சொல், அறிவியல். வேறு எதுவுமே தோன்றவில்லை. சத்தியமாக. (அதிக மார்க் வாங்குகிறவன் இப்படித்தான் இருப்பான்.)

மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் அப்பா வீட்டுக்குள் புயல்போல வந்தார். உப்பு வாரும் சீசனில் அந்த நேரத்தில் அவர் வீட்டுப் பக்கம் வந்ததே கிடையாது.

“எவனோ ஸ்ட்ரைக் வெச்சிட்டான்டி! அளம் பூரா செங்கொடி! ஒருத்தன் எறங்கல. அனுமந்தையில இருந்து வந்த பொம்பளைங்க கொடிய பாத்துட்டு அப்டியே ரோட்டுல குந்திட்டாங்க. எந்த நாயி நட்டுச்சின்னே தெரியல!”

நான் இட்லி தின்றுகொண்டிருந்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். நான் இட்லியைப் பார்த்தேன்.

“அப்பா...”

“இன்னாடா?”

“அந்த நாயி நான்தாம்பா.”

அப்பா என்னை அடிக்கவில்லை. அடிப்பதற்கு எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நின்றார். பிறகு அம்மா பக்கம் திரும்பி, “விளிம்பெல்லாம் தைச்சிருக்குதேன்னு அப்பவே பாத்தேன்” என்றார்.

“போய்ப் புடுங்கிப் போடுறேன்” என்று கிளம்பியவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். “அப்பா, பத்து மணிக்கு சார் வர்றாரு. ஒரு குச்சி எடம் மாறுனாலும் ஆனர்ஸ் போச்சுப்பா. வந்து பாத்துட்டுப் போயிடட்டும், அப்புறம் நானே புடுங்கிடறேன்.”

அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஒரு பக்கம் மேஸ்திரி வேலை. இன்னொரு பக்கம், கடைத்தெரு முழுக்கச் சொல்லி வைத்த பி.எஸ்ஸி.யின் அப்பன்.

“பத்து மணி வரைக்கும்தான். வாயத் தொறக்காத. மேஸ்திரி புள்ளையே கொடி நட்டான்னு தெரிஞ்சா மொதலாளியும் என்னைத் தொரத்துவான், இவங்களும் தொரத்துவாங்க.”

இருவரும் அளத்துக்கு ஓடினோம். ரோட்டோரம் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் எத்திராஜ். அவர்தான் சங்கத் தலைவர். அந்த மனிதரின் நிலைமையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். ஸ்ட்ரைக் நடக்கிறது. தலைவர் அவர். ஆனால் ஸ்ட்ரைக் அவருக்கே தெரியாது! தெரியாது என்று சொன்னால் தலைவர் பதவி என்ன ஆவது?

“அண்ணே, எதுக்குண்ணே ஸ்ட்ரைக்கு?” என்று உப்பு வாரும் அஞ்சலை அக்கா கேட்டாள். அந்த ஊரிலேயே பெரிய வாய் அவளுடையது.

“எதுக்குன்னு கேக்குறியே, ஒனக்கே நல்லாருக்குதா? நம்ம கஷ்டம் ஒனக்குத் தெரியாதா?”

“கஷ்டம் தெரியும். கோரிக்கை இன்னான்னு கேக்குறேன்.”

“அதான் கொடியில நம்பர் போட்டிருக்குதே, பாக்கல? ஒவ்வொரு கொடிக்கும் ஒரு கோரிக்கை.”

கூட்டமே மலைத்துப்போனது. அஞ்சலை அக்கா மட்டும் அசரவில்லை. “அப்போ பதினேழாவது இன்னாண்ணே?”

எத்திராஜ் கடலைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். “அது... பேச்சுவார்த்தையில இருக்குது. வெளிய சொல்லக் கூடாது.”

(பதினேழாவது கொடி, இறாலைப் போல இருக்கும் ஒரு குட்டிப் பூச்சி செத்துப்போகும் இடம்.)

அதற்குள் விஷயம் தெரிந்து முதலாளியின் கார் வந்து நின்றது. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கியவர், கொடிகளைப் பார்த்ததும் வேட்டியை விட்டுவிட்டார்.

“அந்தோணி, இன்னாய்யா இதெல்லாம்?”

“விசாரிச்சிகினு இருக்கேங்க” என்றார் அப்பா, என் தோளை எலும்பு நொறுங்கப் பிடித்துக்கொண்டு.

சரியாக அந்த நேரத்தில் பஸ் வந்து நின்றது. தலையில் வெயில் தொப்பி, கையில் தடியான ஃபைல், சட்டைப் பையில் இரண்டு பேனா. துறைத்தலைவர் இறங்கினார். நான் வரவேற்க ஓடுவதற்குள் எத்திராஜ் முந்திக்கொண்டார்.

“லேபர் ஆபீசர் வந்துட்டாரு! எல்லாரும் எழுந்திரிங்க!”

கூட்டம் எழுந்தது. முதலாளியும் கும்பிட்டார். துறைத்தலைவர் பூரித்துப்போனார். இவ்வளவு காலம் விலங்கியல் சொல்லித் தந்ததில் அவருக்கு யாரும் எழுந்து நின்றதே இல்லையோ என்னவோ. பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு என்னிடம், “உன் ஆராய்ச்சி மேல ஊருக்கே இவ்வளவு ஆர்வமாப்பா!” என்றார்.

“ஆமா சார்” என்றேன். வேறு என்ன சொல்ல?

மே மாத வெயில். கீழே உப்பு, மேலே சூரியன். இரண்டும் சேர்ந்து மனுஷனை அப்பளமாகப் பொரித்தன. வரப்பில் துறைத்தலைவர் ஐந்தாவது கொடி வரை நடந்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். ஏதோ எழுதினார். ஆறாவது கொடிக்குப் போகும்போது கால் பின்னியது. நானும் அப்பாவும் தாங்கிக்கொண்டு வந்தோம். அஞ்சலை அக்கா சொம்பு நீட்டினாள். குடித்துவிட்டு, தொப்பியைக் கழற்றி, சுற்றிலும் ஒரு முறை பார்த்தார்.

“என்னய்யா இது? ஒதுங்க ஒரு நிழல் இல்ல. மனுஷன் எப்படி வேலை செய்வான் இங்க? இது அநியாயம் இல்லையா? யாரு இந்த இடத்துக்குப் பொறுப்பு?”

பாவம், அவர் கேட்டது தன் தலைசுற்றலுக்காக. ஆனால் முதலாளியின் காதில் அரசாங்கமே கேட்டதுபோல் விழுந்தது.

“போட்டுடறேங்க! கொட்டாய் போட்டுடறேன் சார்! ஓல கொட்டாய் கூட இல்ல, ஓடு போட்டே கட்டிடறேன். எழுதிடாதீங்க சார்!”

துறைத்தலைவருக்கு ஒன்றும் புரியவில்லை. மரியாதைக்கு, “நல்லது, சீக்கிரம் செய்ங்க” என்றார்.

பிறகு எத்திராஜின் தொண்டை திறந்தது. “கோரிக்கை வெற்றி! தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!”

அடுத்து நடந்ததை நான் தடுக்க முயற்சி செய்தேன். எனக்குப் பெயர் கொடுத்த சூசையப்பர் சாட்சி. கூட்டம் பாத்திகளுக்குள் இறங்கியது. ஆளுக்கு ஒரு கொடியைப் பிடுங்கியது. “அக்கா, அத்த வுடுக்கா! அண்ணே, அது பன்னெண்டுண்ணே, அங்கயே இருக்கட்டும்ண்ணே!” என்று நான் பாத்திக்குப் பாத்தி ஓடினேன். அஞ்சலை அக்கா ஒரு கொடியைப் பிடுங்கி என் கையிலேயே கொடுத்து, “மேஸ்திரி புள்ளைக்கு எவ்ளோ ஆசை பாருடி, அதுவும் வரட்டும்!” என்று என்னையும் வரிசையில் இழுத்துவிட்டாள்.

கொஞ்சம் தெளிந்து எழுந்த துறைத்தலைவர் ஃபைலைத் திறந்தார். பேனாவை எடுத்தார். வெறும் பாத்திகளைப் பார்த்தார்.

“சூசைராஜ், மிச்ச ஆராய்ச்சி எங்கப்பா?”

கோஷம் போட்டபடி கடைத்தெருப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்த ஊர்வலத்தைக் காட்டினேன்.

“அதோ போவுது சார்.”

ஊர்வலம் கோயில் வழியாகப் போயிருக்கிறது. சத்தம் கேட்டு வெளியே வந்த பங்குச் சாமியார், ஒன்பதாவது கொடியில் பாதி ஜரிகைச் சிலுவையைப் பார்த்திருக்கிறார். பீடத் துணி எப்படிப் புரட்சிக்குப் போனது என்று அவர் விசாரிக்கப் போக, வாசலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அம்மா, பயப்பட வேண்டியவள், “தையல் எப்டி இருக்குது சாமி? எம்புள்ளை ஆனர்ஸுக்கு நான் தைச்சது!” என்று பெருமையாகச் சொல்லிவிட்டாள். மாலைக்குள், கொடி நட்டது யார் என்று பக்கத்து ஊர் கூனிமேடு வரை தெரிந்துவிட்டது; திண்டிவனத்துக்குத் திரும்பிவிட்ட முதலாளிக்கு மட்டும் தெரியவில்லை.

எத்திராஜ் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் வந்து, “தம்பி, அடுத்த தபா ஆராய்ச்சி பண்றதுக்கு முன்னாடி சங்கத்துல ஒரு வார்த்தை சொல்லிடுபா” என்றார். முதலாளியால் கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்க முடியவில்லை. சாட்சிக்கு ஊரே நின்றதே! எல்லாம் அரை நாளில் முடிந்துவிட்டதால் அப்பாதான் சாமர்த்தியமாக அடக்கினார் என்று நம்பி, அவருக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தார்.

எனக்கு? ஐந்து கொடி வரைக்குமான ஆராய்ச்சிக்கு ஆனர்ஸ் தர விதியில் இடமில்லை என்றார் துறைத்தலைவர். பக்கத்து அறைக்குப் போனேன். சாதா பி.எஸ்ஸி. நிம்மதியான படிப்பு. யாரும் எதுவும் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை.

ஆனால் அளத்து ஓரம் ரோட்டை ஒட்டி ஓட்டுக் கொட்டாய் எழும்பியது. அதற்கு எத்திராஜ் சங்கத்தின் பெயரை வைக்கப் பார்த்தார், முதலாளி தன் அப்பா பெயரை வைக்கப் பார்த்தார். அஞ்சலை அக்கா இரண்டு பேரையும் கேட்கவே இல்லை. “ஆனர்ஸ் கொட்டாய்ல குந்துங்கடி” என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். ஒட்டிக்கொண்டது. பிறகு பஸ் அங்கே வழக்கமாகவே நிற்க ஆரம்பித்தது. ஆனர்ஸ் என்றால் என்னவென்றே தெரியாத கண்டக்டர்கள், “ஆனர்ஸ் கொட்டாய்லாம் எறங்கு!” என்று விசில் அடிக்கிறார்கள். என் பெண்டாட்டி கல்யாணமாகி முதல் முறை ஊருக்கு வந்தபோது, “யாருங்க அந்த ஆனர்ஸ், சுதந்திரப் போராட்டத் தியாகியா?” என்று கேட்டாள்.

அப்பா அன்றைக்கு அவளுக்குச் சொன்ன பதில்தான், எங்கள் வீட்டில் எந்தக் கல்யாணம், காதுகுத்து என்றாலும் பந்தியில் பாயசத்துக்கு முன்னால் பரிமாறப்படுகிறது:

“ஆனர்ஸ் வாங்குறவன்லாம் தன் பேருக்குப் பின்னாடி போட்டுக்குவாம்மா. எம்புள்ளை தாராள மனசுக்காரன். கொட்டாய்க்குப் போட்டுட்டான்.”