கால் மிஷினும் கால் கிலோ பீன்ஸும்

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. இயற்றியவர் என் மனைவி. மீறுபவன் நான்.

இனி ஒரு வாத்தியம்கூட வாசற்படி தாண்டி உள்ளே வரக் கூடாது. இதுதான் சட்டம். அதற்கான காரணங்கள் பரணில் இருக்கின்றன. காற்று மட்டுமே வரும் புல்லாங்குழல் ஒன்று, மூன்று கட்டை அழுந்தினால் எழும்பாத கீபோர்டு ஒன்று, ஒரே வாரத்தில் தெருவையே எங்கள் வாசலில் கூட்டிய டிரம் ஒன்று. கல்யாணத்துக்கு முன்பிருந்தே என்னோடு இருக்கும் எலக்ட்ரிக் கிடாருக்கு மட்டும் விலக்கு. "உங்களையே சகிச்சுக்கிட்டேன், அது ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும்" என்ற பெருந்தன்மையில் வந்த விலக்கு.

அப்படிப்பட்ட வீட்டுக்குள் மல்டி எஃபெக்ட்ஸ் ப்ராசஸர் ஒன்றைக் கொண்டுவரத் துணிந்தேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், அது தரையில் கிடக்கும் ஓர் இரும்புப் பெட்டி. கிடார் வயரை அதில் செருகிவிட்டுப் பெட்டி மேலிருக்கும் பொத்தான்களைக் காலால் அமுக்க வேண்டும். இடது பொத்தானுக்கு சுத்தமான சத்தம், நடுவில் எதிரொலி, வலதில் உறுமல். கை வாசிக்கும்போதே கால் சத்தத்தை மாற்றும்.

எனக்கு எதற்கு அது? நான் ஒரு டயர் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். போல்ட் தீர்ந்துபோனால்தான் அங்கே யாருக்கும் என் ஞாபகம் வரும். கம்பெனியின் வெள்ளிவிழாக் கூட்டத்தில் மேனேஜர், "யாருக்காச்சும் ஏதாச்சும் வாசிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். என் கை எழுந்தது. சத்தியமாக நான் தூக்கவில்லை. "அட, ஸ்டோர் சாரா!" என்று அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "எலக்ட்ரிக் கிடார் சார். எஃபெக்ட்ஸ் எல்லாம் வச்சு அசத்திடறேன்" என்று உளறிவிட்டேன். விழாவுக்கு ஒரே மாதம் இருந்தது. சொதப்பினால் மிச்ச சர்வீஸ் முழுக்க என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். இந்த ஒரு வாய்ப்பை விட்டால் போல்ட்டோடு போல்ட்டாக ரிடையர் ஆகவேண்டியதுதான். எல்லாரும் திரும்பிப் பார்த்த கதையை அன்றைக்கே வீட்டில் சொல்லிவிட்டேன், பெட்டி விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

பெட்டியை எதிர்வீட்டு முகவரிக்கு வரவழைத்தேன். எதிர்வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் டிரைவிங் மாஸ்டர். ரெண்டு நாள் கழித்துத்தான் கொண்டுவந்து கொடுத்தார், ஏனோ என் முகத்தைப் பார்க்காமல். அட்டைப்பெட்டியின் மேல் ரெண்டு அடுக்கு டேப் ஒட்டியிருந்தது. பரவாயில்லையே, எவ்வளவு அக்கறையான கம்பெனி என்று மெச்சிக்கொண்டேன்.

வீட்டுக்குள் நுழைந்து, பெட்டியைப் பிரித்துக் கிடார் வயரைச் செருகி சுவிட்சைப் போட்டதுமே மாட்டிக்கொண்டேன்.

"என்னங்க அது?"

"இதுவா? கால் மிஷின்."

"காலுக்கு என்ன?"

"மரத்துப்போகுதும்மா. கம்பெனி டாக்டர்தான் வாங்கச் சொன்னாரு. பொத்தானை அமுக்க அமுக்க ரத்தம் ஓடும்."

"லைட் எல்லாம் எரியுது?"

"ரத்தம் ஓடுச்சுன்னா எரியும்."

"அட! இந்த வயரு?"

"அது எர்த்து."

"எர்த்து போய் கிடார்ல சேருதே?"

வியர்த்தது. ஆனாலும் விடவில்லை. "கால் வேலை செய்யும்போது கைக்கும் ஏதாவது வேலை குடுக்கணுமாம். அப்பத்தான் மூளைக்கு வலி தெரியாதாம்."

அவள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். "கைக்கு வேலைதானே வேணும்? இருங்க."

ஒரு பலகை, ஒரு கத்தி, கால் கிலோ பீன்ஸ், கேரட், பாதி முட்டைகோஸ். எல்லாம் சமையலறை மேசை மேல் வந்து உட்கார்ந்தன. மிஷின் மேசைக்கு அடியில் போயிற்று.

"முதல்ல அரைமணி நேரம் இதை நறுக்கிக்கிட்டே காலை அமுக்குங்க. அப்புறம் அரைமணி கிடாரை வச்சுக்கிட்டு என்னமோ பண்ணுங்க. சரியா?"

சரி என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு என்ன தெரியும்?

அத்தோடு விட்டாளா? காய்க்கு ஒரு பொத்தான் என்று சட்டம் போட்டாள். கேரட்டுக்கு இடது, பீன்ஸுக்கு நடு, கோஸுக்கு வலது. வரிசையும் அவளே சொல்வாள். ரெண்டு கேரட், ஒரு கைப்பிடி பீன்ஸ், கோஸ் கால்வாசி, மறுபடி ஒரு கேரட். தினமும் இதே வரிசைதான்.

"எல்லாம் ஒரே பாத்திரத்துலதானே போய் விழப்போகுது? எதை முன்னாடி நறுக்கினா என்ன?"

"டாக்டர் நீங்களா, நானா?"

"ரெண்டு பேரும் இல்லையே."

"அப்ப சொன்னதைச் செய்ங்க. கீழ என்ன பார்வை? விரலை நறுக்கிட்டு நிக்கப்போறீங்க. காயைப் பாருங்க."

கீழே குனிந்தால் போதும், "ம்ம்" என்று ஒரு உறுமல் வரும். மிஷினின் வலது பொத்தான்கூட அப்படி உறுமாது.

அடுத்த அரைமணி என்னுடையது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பெட்டியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களையெல்லாம் கடைசிவரை திருகிவைத்து வாசித்தேன். ஆசைதான். கிணற்றுக்குள் விழுந்த எருமை ரயில்மேல் ஏறிப்போவது போல ஒரு சத்தம் வந்தது. பெட்டியோடு வரவேண்டிய விளக்கப் புத்தகத்தைக் காணவே இல்லை. பத்து நாள் இதே கதை. மேனேஜரிடம் போய்க் காலில் விழுந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

பதினோராம் நாள் வாசித்தால், சத்தம் அப்படியே தேன்! எதிரொலி பட்டும்படாமல் பின்னால் வந்தது. உறுமல்கூட மரியாதையாக உறுமியது. எதையும் நான் மாற்றவில்லை. ஆஹா, நமக்குக் காது பழுத்துவிட்டது என்று மார்தட்டிக்கொண்டேன்.

விழா நாள் வந்தது. கிடாரோடு கால் மிஷினையும் பையில் வைத்தேன்.

"அங்கயும் மிஷினா?" என்றாள்.

"மேடையில ரொம்ப நேரம் நிக்கணும்ல. மரத்துப்போயிட்டா?"

"ஆமாமா, மறக்காம எடுத்துக்கோங்க."

பாவம், என்ன சொன்னாலும் நம்பிவிடுகிறாளே என்று எனக்கே மனசு கஷ்டமாகிவிட்டது.

மேடையில் ஏறினேன். கீழே நானூறு பேர். முன்வரிசையில், நான் அழைத்து வந்திருந்த டிரைவிங் மாஸ்டரும் என் மனைவியும். மேனேஜர் உற்சாகமாகக் கை காட்ட, எங்கிருந்தோ புஸ்ஸென்று புகை கிளம்பியது. "சினிமா மாதிரி இருக்கட்டும்னுதான், ஸ்டோர் சார்!" என்றார். வெள்ளைப் புகை மேடை முழுக்கப் பரவி என் முழங்கால்வரை வந்து நின்றது.

குனிந்து பார்த்தேன். காலைக் காணோம். பெட்டியைக் காணோம். பொத்தானாவது ஒன்றாவது!

"என்ன, ஸ்டோர்ல ஸ்டாக் இல்லையா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. சிரிப்பு கிளம்பியது. பதினெட்டு வருஷம் அந்தப் புகைக்குள் முழுகிப்போவதை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, அதன்மேல் உள்ளங்கையின் ஓரத்தால் டக் டக்கென்று நறுக்கிக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. "கேரட்."

கால் தானாக இடது பக்கம் போனது. சுத்தமான சத்தம். வாசித்தேன். "கேரட்." இன்னொரு சுற்று. "பீன்ஸ்." கால் நடுவில் அமுக்கியது, எதிரொலி எழுந்து மண்டபம் முழுக்கச் சுற்றியது. "கோஸ்!" வலது பொத்தான் உறுமிய உறுமலில் பின்வரிசைக்காரன் வாயை மூடினான். கடைசியில் மறுபடி ஒரு கேரட். அந்தப் பாட்டின் வரிசையே அதுதான் என்று அங்கே நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

நானூறு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மேனேஜர் கட்டிப்பிடித்துக்கொண்டார். மைக்கில் என்னை முழுப்பெயரோடு கூப்பிட்டார். என் பேர் அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் அவள் முன்னால் உட்கார்ந்தேன். "உனக்கு எப்பத் தெரியும்?"

"பெட்டி எதிர்வீட்டுக்கு வந்த அன்னிக்கே. மாஸ்டருக்குப் பொய் சொல்ல வராது. வாங்கிப் பிரிச்சுப் பார்த்துட்டுத் திரும்ப ஒட்டிக் குடுத்தேன்."

"அந்தப் புத்தகம்?"

"அரிசி டப்பாவுக்குப் பின்னாடி. பதினாலாம் பக்கம், காலைப் பார்க்காம அமுக்கப் பழகணும்னு போட்டிருக்கு. மாஸ்டரைக் கேட்டேன். 'காலைப் பார்த்து ஓட்டறவன் சுவத்துலதான் போய் முட்டுவான், கண்ணுக்கு வேற வேலை குடுங்க'ன்னாரு. குடுத்தேன்."

"வரிசை?"

"அதே பாட்டைத்தானே குளிக்கும்போதெல்லாம் முனகுறீங்க? எதிரொலி, உறுமல் எல்லாம் வாயாலயே போட்டு!"

"அப்ப அந்தக் குமிழு?"

"எல்லாத்தையும் கடைசிவரைக்கும் திருகினா? உப்பு ஜாடியையே கவுத்தா வாயில வைக்க முடியுமா? பத்து நாள் பொறுத்துப் பார்த்துட்டு, நீங்க வேலைக்குப் போனப்புறம் புத்தகத்தைப் பார்த்து எல்லாத்தையும் அளவாக் குறைச்சுவச்சேன்."

"ஏம்மா, சட்டம் என்னாச்சு?"

"கம்பெனியில எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்கன்னு சொல்லும்போது உங்க மூஞ்சியைப் பார்த்தேன். அதுக்கப்புறம் என்ன சட்டம்?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மனுஷி கிடைக்க நான் என்ன புண்ணியம் பண்ணினேன்? கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லேன்னா நான் இன்னிக்குப் புகையோட புகையாப் போயிருப்பேன். உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல" என்றேன். மனசார, ஒரு பொய் கலக்காமல் சொன்னேன். புதுவருஷ விழாவிலும் நான்தான் வாசிக்க வேண்டுமாம், இதைவிடக் கஷ்டமான பாட்டாம், மேனேஜர் கேட்டிருக்கிறார் என்பதையும் சொன்னேன்.

அவள் முகம் மலர்ந்தது. எழுந்து உள்ளே போனாள். பலகையும் கத்தியும் வந்தன.

"அப்ப நாளையிலேர்ந்து வெங்காயம்."